பருவுக்கு மூன்று மாதம் ஆன்டிபயாடிக் மாத்திரை: பிளஸ் டூ படிக்கும் மகளுக்குத் தொடர்ந்து கொடுக்கலாமா?

கொக்கிரகுளம் வாசி கேட்டது:

வணக்கம். என் மகளுக்கு 17 வயது ஆகிறது. பாளையங்கோட்டையில் பிளஸ் டூ படிக்கிறாள். பத்தாம் வகுப்புத் தேர்வு முடிந்த கோடையில் நெற்றியிலும் மூக்கோரத்திலும் கரும்புள்ளிகளாகத் தொடங்கிய பரு, இப்போது இரண்டு கன்னங்களிலும் தாடையோரத்திலும் சிவந்து, சீழ் கோத்து, கை பட்டால் வலிக்கிற அளவுக்கு வந்துவிட்டது. முதுகிலும் பரவியிருப்பதால் புத்தகப் பையை மாட்டும்போதெல்லாம் முகத்தைச் சுளிக்கிறாள். அவளுடைய ஆச்சி சாதிக்காயைச் சந்தனக் கல்லில் உரைத்துப் பூசிப் பார்த்தார்கள்; எரிச்சல்தான் மிச்சம், பூசிய இடம் கறுத்தும் போனது.

சென்ற ஆண்டு நான் செய்த ஒரு காரியத்தையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். வீட்டுக்கு அருகிலுள்ள ஒரு மருந்துக்கடையில் மருத்துவர் சீட்டு எதுவும் இல்லாமல் கேட்டபோது, அஜித்ரோமைசின் 500 மில்லிகிராம் மாத்திரை மூன்றைக் கொடுத்து, நாளுக்கு ஒன்றாக மூன்று நாள் போடச் சொன்னார்கள். ஒரு வாரத்தில் முகம் தெளிந்தது போலத் தெரிந்தது. அடுத்த மாதமே பரு திரும்பியது. அப்படியே ஓர் ஆண்டுக்குள் நான்கு முறை வாங்கிக் கொடுத்தேன். நான்காம் முறை ஒரு மாற்றமும் இல்லை.

அதன் பிறகுதான் தோல் மருத்துவரிடம் போனோம். அவர் டாக்ஸிசைக்ளின் 100 மில்லிகிராம் மாத்திரையை நாளுக்கு ஒன்றாக மூன்று மாதத்துக்கும், அடாபலீனும் பென்சாயில் பெராக்சைடும் கலந்த ஒரு ஜெல்லை இரவில் பூசுவதற்கும் எழுதிக் கொடுத்தார். கூட்டம் அதிகமாக இருந்ததால் நானும் விவரமாகக் கேட்டுக்கொள்ளவில்லை. நான்காம் நாள் இரவு, பதினொரு மணி வரை படித்துவிட்டு, ஒரு வாய்த் தண்ணீரில் மாத்திரையை விழுங்கி உடனே படுத்திருக்கிறாள். மறுநாள் காலையில் இட்லி விழுங்கும்போது நெஞ்சுக்கு நடுவே கத்தி இறங்குவது போல வலிக்கிறது என்று அழுதுவிட்டாள். பயந்துபோய் மாத்திரையை நிறுத்தி ஐந்து நாள் ஆகிறது. வலி இப்போது பெரும்பாலும் குறைந்திருக்கிறது.

முகத்தில் வருகிற பருவுக்குத் தொண்ணூறு ஆன்டிபயாடிக் மாத்திரை என்பது எனக்கு மலைப்பாக இருக்கிறது. இந்த மாத்திரை உடம்புக்குச் சூடு, வயிற்றைக் கெடுக்கும் என்று ஆச்சி மறுக்கிறார்கள். இதைவிட வலுவான மினோசைக்ளின் என்று ஒன்று இருப்பதாக என் மதினி சொல்கிறார். வீட்டில் மீதியிருக்கும் கிளிண்டாமைசின் ஜெல்லையும் சேர்த்துப் பூசினால் விரைவில் குணமாகும் என்பதும் அவருடைய யோசனைதான். பள்ளியில் வாரம் ஒரு நாள் நீல நிற இரும்புச்சத்து மாத்திரையும் கொடுக்கிறார்கள். இவற்றில் எதைக் கேட்பது, எதை விடுவது என்று விவரம் தெரிந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.


பழைய மருந்தாளுநர் எழுதியது:

ஐயா, திருநெல்வேலி டவுனில் மருந்துக்கடை மேசைக்குப் பின்னால் முப்பது ஆண்டுக்கு மேல் நின்றவன் என்ற முறையில், மாத்திரையை விழுங்குகிற விதத்தைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். நோயைப் பற்றி மருத்துவர்கள் சொல்லட்டும்.

உங்கள் மகளுக்கு வந்த நெஞ்சு வலி, டாக்ஸிசைக்ளினுக்கு நன்றாகவே தெரிந்த ஒரு விளைவு. அந்த மருந்து கரையும்போது அமிலத்தன்மை கொண்டது. போதிய தண்ணீர் இல்லாமல் விழுங்கிப் படுத்துவிட்டால், மாத்திரை இரைப்பைக்குப் போய்ச் சேராமல் உணவுக்குழாயின் நடுவில் எங்காவது ஒட்டிக்கொண்டு அங்கேயே கரைந்து, அந்த இடத்தைப் புண்ணாக்கிவிடும். ஈரமான சுவரில் காகிதம் ஒட்டுவது போல கேப்சூல் வகை இன்னும் எளிதாக ஒட்டும். சூடு என்று ஆச்சி சொல்வதற்குப் பின்னால் இந்த எரிச்சல் அனுபவம்தான் இருக்க வேண்டும். அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். இந்தப் புண் பெரும்பாலும் சில நாளில் தானாக ஆறிவிடும். இருந்தாலும், நடந்ததை எழுதிக் கொடுத்த மருத்துவரிடம் சொல்லி, அவர் சரி என்ற பிறகே மீண்டும் தொடங்குங்கள். தண்ணீர் குடித்தாலே வலிக்கிறது, வாந்தியில் இரத்தம் தெரிகிறது, மலம் கறுத்துப் போகிறது என்று எது நடந்தாலும் காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும்.

மறுபடி தொடங்கும்போது இரவு நேரத்தை விட்டுவிடுங்கள். காலையில் இட்லியோ தோசையோ சாப்பிட்டு முடித்ததும், நிமிர்ந்து உட்கார்ந்து, ஒரு பெரிய தம்ளர் நிறையத் தண்ணீரோடு விழுங்கச் சொல்லுங்கள். அதன் பிறகு ஒரு மணி நேரமாவது படுக்கக் கூடாது. பள்ளிக்குக் கிளம்புகிற பிள்ளைக்கு அது தானாகவே நடந்துவிடும். வெறும் வயிற்றில் போட்டால் குமட்டும். பழைய டெட்ராசைக்ளினைச் சாப்பாட்டோடு போடக் கூடாது என்று நாங்கள் அந்தக் காலத்தில் சொல்லிப் பழகியதால், இன்றும் பலர் டாக்ஸிசைக்ளினுக்கும் அதையே சொல்கிறார்கள். டாக்ஸிசைக்ளின் உணவோடு சேர்ந்தாலும் பெரிதாகக் குறையாது. பாலோடு விழுங்குவதை மட்டும் தவிர்த்து, காப்பியைச் சற்று நேரம் கழித்துக் கொடுங்கள்.

இரும்புச்சத்து மாத்திரைதான் உண்மையான இடைஞ்சல். இரும்பும், கால்சியமும், நெஞ்செரிச்சலுக்குக் குடிக்கிற வெள்ளை மருந்தில் உள்ள அலுமினியமும் மக்னீசியமும் டாக்ஸிசைக்ளினைக் குடலிலேயே பிடித்துக் கட்டிவிடும். கட்டிய மருந்து இரத்தத்தில் சேராது. நெஞ்சு வலிக்கிறதே என்று அந்த வெள்ளை மருந்தை இந்த மாத்திரையோடு சேர்த்துக் கொடுத்துவிடுவீர்களோ என்ற ஐயத்தில்தான் இதை அழுத்திச் சொல்கிறேன். பள்ளியில் கொடுக்கும் நீல மாத்திரை வாரம் ஒரு முறைதான் என்பதால் கவலை இல்லை. வகுப்பு ஆசிரியரிடம் சொல்லி, அதை வீட்டுக்குக் கொண்டுவந்து இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு போடும்படி வைத்துக்கொண்டால் இரண்டுக்கும் நடுவில் பத்து மணி நேரத்துக்கு மேல் கிடைத்துவிடும். இரும்புச்சத்தை நிறுத்த வேண்டாம்.

எங்கள் தொழிலின் குற்றம் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். அட்டையில் மூன்று மாத்திரையைக் கத்தரிக்கோலால் வெட்டிக் கொடுக்கும்போது, மருந்தின் பெயர் ஒரு துண்டிலும் காலாவதித் தேதி வேறொரு துண்டிலும் போய்விடுகிறது. பின்புறம் மேலிருந்து கீழாக ஓடும் சிவப்புக் கோடு, மருத்துவர் சீட்டு இல்லாமல் இந்த மருந்தைக் கொடுக்கக் கூடாது என்பதற்கான அடையாளம். 2016இல் மத்திய அரசு அதைப் பற்றித் தனியாகவே விளம்பரம் செய்தது. உங்களிடம் சீட்டுக் கேட்காமல் கொடுத்தது தவறு. மேசைக்கு இந்தப் பக்கம் நின்று நானும் அந்தத் தவற்றைச் செய்திருக்கிறேன். அப்படி வெட்டிய துண்டுகள் வீட்டு டப்பாவில் கிடந்தால் எடுத்து அப்புறப்படுத்துங்கள். காலம் கடந்து கெட்டுப்போன டெட்ராசைக்ளினை விழுங்கியவர்களுக்குச் சிறுநீரகம் பாதிக்கப்பட்டதை 1960களிலேயே மருத்துவ இதழ்களில் எழுதியிருக்கிறார்கள்.

இடையில் ஒரு செய்தி. டாக்ஸிசைக்ளினுக்கு மூத்த மருந்தான ஆரியோமைசினை 1948இல் உலகுக்கு அறிவித்த அமெரிக்க ஆய்வுக்கூடத்தில் ஆராய்ச்சிக்குத் தலைமை வகித்தவர், சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த எல்லாப்பிரகத சுப்பாராவ். மண்ணில் வாழும் ஒரு நுண்ணுயிரிலிருந்து அதைக் கண்டெடுத்தவர் அதே கூடத்தில் வேலை பார்த்த பெஞ்சமின் டகர். கடையில் சும்மா இருக்கிற மதியங்களில் இதையெல்லாம் படித்துக்கொண்டிருப்பது என் பழக்கம்.


காற்றாலைத் தொழிலாளி எழுதியது:

அண்ணாச்சி, பணகுடிப் பக்கம் காற்றாலையில் பராமரிப்பு வேலை பார்க்கிறேன். எனக்கு 22 வயதில் இதே டாக்ஸிசைக்ளினைத்தான் எழுதிக் கொடுத்தார்கள். மாத்திரை தொடங்கிய பதினைந்தாம் நாள் வாக்கில், காற்று அடித்துக்கொண்டே இருந்ததால் வெயிலின் சூடு தெரியாமல் நாள் முழுவதும் திறந்தவெளியில் நின்றுவிட்டேன். மாலையில் மூக்குத்தண்டும், பின்கழுத்தும், கையுறைக்கும் சட்டைக்கும் நடுவில் தெரிந்த மணிக்கட்டுப் பட்டையும் அடுப்பில் சுட்டது போலச் சிவந்து எரிந்தன. எங்கள் நிறத்துக்கு வெயில் என்ன செய்துவிடும் என்று நினைத்திருந்தவன் நான். அடுத்த மாதம் இரண்டு கட்டைவிரல் நகங்களும் நுனியில் சதையை விட்டுத் தூக்கிக்கொண்டு வெளுத்தன; அதுவும் இந்த மருந்தும் வெயிலும் சேர்ந்து செய்கிற வேலைதான் என்று மருத்துவர் பிறகு சொன்னார்.

பாளையங்கோட்டை வெயிலைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மகள் மிதிவண்டியில் போகிறவள் என்றால் முழுக்கைச் சட்டையும் தொப்பியும் போடச் சொல்லுங்கள்; விளையாட்டு வகுப்பு நண்பகலில் வந்தால் நிழலில் நிற்க ஆசிரியரிடம் அனுமதி கேளுங்கள். எண்ணெய்ப் பிசுக்கு இல்லாத, ஜெல் வடிவிலான சன்ஸ்கிரீன் கிடைக்கிறது. அதை முகத்துக்கு மட்டும் பூசிவிட்டுக் காதையும் கழுத்தையும் மறந்துவிடக் கூடாது. நான் அப்படித்தான் மறந்தேன்.

இன்னொன்று, வெயிலைவிடப் பெரிய தவறு. எனக்கும் மாத்திரையோடு ஒரு ஜெல் கொடுத்தார்கள். முதல் வாரம் தோல் காய்ந்து, உரிந்து, எரிந்ததால் ஜெல்லைத் தூக்கி எறிந்துவிட்டு மாத்திரையை மட்டும் போட்டேன். மூன்று மாதத்தில் முகம் பளிங்கு மாதிரி ஆனது. மாத்திரை முடிந்த ஆறு வாரத்தில் பழைய இடத்திலேயே பரு வந்து உட்கார்ந்துகொண்டது. பழைய சீட்டைக் காட்டி இன்னும் மூன்று மாதம் வாங்கிப் போட்டேன். மறுபடியும் அதே கதை. மூன்றாம் சுற்றில் மாத்திரைக்குப் பாதிப் பலன்கூட இல்லை. கடைசியில் வேறொரு மருத்துவர் மாத்திரையை எடுத்துவிட்டு, அதே ஜெல்லை ஒன்றுவிட்டு ஒரு நாள் பட்டாணி அளவு பூசப் பழக்கினார். இரண்டு ஆண்டாக அது ஒன்றில்தான் என் முகம் ஓடுகிறது.


கொக்கிரகுளம் வாசி எழுதியது:

இருவருக்கும் நன்றி. எனக்கு ஒன்று மட்டும் விளங்கவில்லை. கிருமியால் வருவதுதான் பரு என்றால், கிருமியைக் கொல்கிற மாத்திரையை மூன்று மாதம் போட்ட பிறகும் அது ஏன் திரும்பி வர வேண்டும்? திரும்பி வரும் என்று தெரிந்தே எதற்காகக் கொடுக்க வேண்டும்?


ஓய்வுபெற்ற தோல் மருத்துவர் எழுதியது:

நல்ல கேள்வி. உங்கள் மகளை நான் பார்க்கவில்லை என்பதால், அவளுடைய மருத்துவர் எழுதியதை மாற்றும் நோக்கம் எனக்கு இல்லை. அவர் எழுதியிருப்பது, இப்படிப்பட்ட பருவுக்கு இன்று பல நாடுகளிலும் முதலில் எழுதப்படுகிற சேர்க்கைதான்.

பரு தொற்றுநோய் அன்று. பூப்பெய்தும் வயதில் இயக்குநீர்களின் தூண்டுதலால் எண்ணெய்ச் சுரப்பி பெருத்து அதிகமாகச் சுரக்கிறது. மயிர்க்காலின் வாயில் உதிர வேண்டிய தோல் செல்கள் உதிராமல் ஒட்டி அடைக்கின்றன. அடைபட்ட எண்ணெயில் எல்லோருடைய தோலிலும் எப்போதும் குடியிருக்கும் க்யூட்டிபாக்டீரியம் ஆக்னெஸ் என்ற பாக்டீரியா பெருகுகிறது. அதற்கு எதிராக உடம்பு காட்டுகிற அழற்சிதான் சிவப்பும் சீழும் வலியும். இந்த நான்கு கண்ணிகளில் டாக்ஸிசைக்ளின் பிந்திய இரண்டை மட்டுமே தொடுகிறது. எண்ணெய் சுரப்பதை அது குறைப்பதில்லை. அடைப்பைத் திறப்பதும் இல்லை. ஆகவே மாத்திரை நின்றதும் அடைப்பு அடைப்பாகவே இருக்க, மேலே சொன்ன தம்பிக்கு நடந்தது நடக்கிறது. அடைப்பைத் திறப்பது அந்த ஜெல்லில் உள்ள அடாபலீன். ஜெல்தான் வைத்தியம், அது வேலை செய்யத் தொடங்க ஆறு முதல் எட்டு வாரம் பிடிக்கும் என்பதால், அந்த இடைக்காலத்தில் கட்டிகள் வெடித்துத் தழும்பாகாமல் அழற்சியை அடக்கி வைப்பதற்காக மாத்திரை துணைக்கு வருகிறது.

டாக்ஸிசைக்ளின் பருவில் செய்யும் வேலையில் கணிசமான பங்கு, கிருமியைக் கொல்வதைவிட அழற்சியைத் தணிப்பதில்தான் இருக்கிறது. பாக்டீரியாவைத் தொட முடியாத அளவுக்குக் குறைந்த 40 மில்லிகிராமில் ரோசேசியா என்ற வேறொரு முகச் சிவப்பு நோய்க்கு அது பலன் தருவது இதற்குச் சான்று. ஆனால் 100 மில்லிகிராம் என்பது முழு ஆன்டிபயாடிக் அளவு. முகத்தில் உள்ள பாக்டீரியாவோடு நிற்காமல் குடலிலும், தொண்டையிலும், மூக்கிலும் உள்ளவற்றையும் அது தொடும். நாள் ஆக ஆக, அதற்கு அடங்காதவை மட்டும் எஞ்சிப் பெருகும், வீட்டில் உள்ளவர்களுக்கும் பரவும். பிரிட்டனில் நைஸ் என்ற அமைப்பு 2021இல் வெளியிட்ட வழிகாட்டி, பருவுக்கு ஆன்டிபயாடிக் மாத்திரையைத் தனியாகக் கொடுக்கக் கூடாது, பன்னிரண்டு வாரத்தில் மறுபார்வை செய்ய வேண்டும், ஆறு மாதத்தைத் தாண்டுவது அரிதான விதிவிலக்காகவே இருக்க வேண்டும் என்கிறது. அமெரிக்கத் தோல் மருத்துவ அகாதமியின் 2024ஆம் ஆண்டு வழிகாட்டியும் காலத்தைக் குறைத்து, பென்சாயில் பெராக்சைடோடு சேர்த்தே கொடுக்கச் சொல்கிறது. அந்தப் பெராக்சைடு பாக்டீரியாவை ஆக்சிஜனால் எரிப்பதால் அதற்கு எதிர்ப்பு உருவாவதில்லை. மாத்திரைக்குத் தப்பியதை அது முடித்துவிடும்.

இதனால்தான் உங்கள் மதினியின் கிளிண்டாமைசின் யோசனையை ஏற்க முடியாது. அதுவும் ஆன்டிபயாடிக், உள்ளே ஒன்று, வெளியே ஒன்று என்று இரண்டைச் சேர்த்தால் பலன் கூடாது, எதிர்ப்புத்தான் கூடும். மினோசைக்ளின் வலுவானது என்பதும் தவறான எண்ணம். பருவில் அது டாக்ஸிசைக்ளினை வென்றதில்லை. தலைசுற்றல், நீலம் பாய்ந்த கருமை, அரிதாகக் கல்லீரல் அழற்சி, லூப்பஸ் போன்ற மூட்டுநோய் என்று அதற்குத் தனியாக ஒரு பட்டியல் உண்டு.

அஜித்ரோமைசினைப் பற்றிச் சற்றுக் கடுமையாகவே எழுத வேண்டியிருக்கிறது. டெட்ராசைக்ளின் வகையைக் கொடுக்க முடியாதவர்களுக்கு, கர்ப்பிணி போன்றவர்களுக்கு, மருத்துவர்கள் அதைச் சில சமயம் எழுதுவதுண்டு. மூன்று மாத்திரையாக மாதம் ஒருமுறை கடையில் வாங்குவது அதில் சேராது. உடம்பில் அதன் அளவு பாதியாகக் குறையவே ஏறத்தாழ 68 மணி நேரம் ஆகும். அதனால் கடைசி மாத்திரைக்குப் பிறகும் பல நாள் குறைந்த அளவில் தங்கி, பாக்டீரியாவைக் கொல்லாமல் பழக்கிவிடுகிறது. நம் நாட்டில் டைபாய்டு பழைய மருந்துகள் பலவற்றுக்கு அடங்காமல் போன நிலையில், வாய்வழியாகக் கொடுப்பதற்கு மீதியிருக்கும் ஒரு சில மருந்துகளில் அஜித்ரோமைசினும் ஒன்று. டாக்ஸிசைக்ளினும் அப்படியே: மழைக்காலம் முடிந்ததும் நம் பக்கத்தில் வருகிற எலிக்காய்ச்சலுக்கும், மலையடிவாரத்து ஊர்களில் கண்ணுக்கு எளிதில் தெரியாத சிற்றுண்ணி கடித்த கறுத்த பொருக்கோடு வருகிற ஸ்க்ரப் டைபஸ் காய்ச்சலுக்கும் அதுதான் கைகொடுக்கும் மருந்து. பணியில் இருந்த காலத்தில், அந்தப் பொருக்கை அக்குளில் தேடிக் கண்டுபிடித்து டாக்ஸிசைக்ளின் தொடங்கிய இரண்டே நாளில் காய்ச்சல் இறங்கி எழுந்து உட்கார்ந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். பருவுக்குத் தொண்ணூறு நாள் எழுதும்போது அந்த நினைவு எனக்கு வராமல் இருந்ததில்லை.

ஜெல்லைப் பூசும் முறை தெரியாமலேயே பலர் அதை விட்டுவிடுகிறார்கள். முகத்தைக் கழுவித் துடைத்து, ஈரம் முழுவதும் உலர்ந்த பின், முகம் முழுமைக்கும் ஒரு பட்டாணி அளவு போதும். பருவின் தலையில் மட்டும் பொட்டு வைப்பது போல வைக்கக் கூடாது, ஏனெனில் அது அடுத்து வரப்போகும் பருவுக்கும் சேர்த்துப் பூசுவது. முதல் இரண்டு வாரம் ஒன்றுவிட்டு ஒரு நாள் பூசட்டும். காய்ந்தால் மேலே எண்ணெய் சேராத மாய்ஸ்சரைசர் பூசலாம். தலைக்கு வைக்கும் தேங்காய் எண்ணெய் நெற்றிக்கு இறங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பெண் பிள்ளை என்பதால் மேலும் இரண்டு கேள்விகள். மாதவிடாய் தள்ளித் தள்ளி வருகிறதா, மேலுதட்டிலோ தாடையிலோ கட்டை மயிர் முளைக்கிறதா என்று அவளுடைய அம்மாவைக் கேட்கச் சொல்லுங்கள். ஆம் என்றால் சினைப்பைக் கட்டிகளோடு வரும் இயக்குநீர்க் கோளாறுக்குச் சோதிக்க வேண்டும், அதற்கு வைத்தியம் வேறு. மாத்திரை போடும் நாட்களில் விடாத தலைவலியும் பார்வை மங்கலும் வந்தால் உடனே நிறுத்திவிட்டு மருத்துவரைப் பார்க்க வேண்டும். மண்டைக்குள் அழுத்தம் கூடுவது அரிது, ஆனால் அலட்சியப்படுத்தக் கூடியது அன்று.

பன்னிரண்டு வாரம் ஒழுங்காகப் போட்டும் கட்டிகள் அடங்காமல், குழித் தழும்பு விழத் தொடங்கினால், அடுத்த படி இன்னொரு ஆன்டிபயாடிக் அன்று, ஐசோட்ரெடினாயின். எண்ணெய்ச் சுரப்பியையே சுருக்குகிற மருந்து அது; உடல் எடையைக் கணக்கிட்டு, இரத்தப் பரிசோதனைகளோடு கொடுப்பார்கள். கருவில் உள்ள குழந்தைக்குக் கடுமையான ஊனம் உண்டாக்கும் என்பதால் திருமணப் பேச்சு நடக்கிற வீடுகளில் அந்தப் பேச்சை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும். டாக்ஸிசைக்ளினோடு அதைச் சேர்த்துக் கொடுக்கவே கூடாது; மேலே சொன்ன மண்டை அழுத்தம்தான் காரணம்.


வள்ளியூர் அம்மா எழுதியது:

மருத்துவர் ஐயா சொன்னதோடு என் வீட்டில் நடந்ததையும் சேர்த்துச் சொல்கிறேன். என் மகனுக்குப் பருவுக்காக ஐந்து மாதம் ஆன்டிபயாடிக் ஓடியது. கன்னம் தெளிந்தது, ஆனால் நெற்றியிலும் மார்பிலும் மேல்முதுகிலும் கடுகு தூவியது போல ஒரே அளவில் சிறு சிறு குருக்கள் கிளம்பின. பரு கூடிவிட்டது என்று நினைத்து மாத்திரையை இரண்டாக்கக் கேட்கப் போனோம். மருத்துவர் கேட்டது ஒரே கேள்வி: அரிக்கிறதா? ஆம், வியர்த்தால் தாங்க முடியாமல் அரிக்கிறது என்றான். பரு வலிக்கும், இந்த அளவு அரிக்காது; பாக்டீரியாவை மாத்திரை குறைத்துவிட்ட இடத்தில் தோலிலேயே இருக்கும் ஒரு பூஞ்சை பெருகியிருக்கிறது, பொடுகுக்கும் அதே பூஞ்சைதான் காரணம் என்றார். ஆன்டிபயாடிக்கை நிறுத்திப் பூஞ்சைக்கு மருந்து கொடுத்தார். மூன்று வாரத்தில் அடங்கிவிட்டது. ஆகவே அண்ணன், உங்கள் மகள் முதுகில் இருப்பது வலிக்கிறதா அரிக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள்.

அதோடு, அவள் தோழிகளிடம் வாங்கி வெள்ளைக் களிம்பு ஏதாவது பூசுகிறாளா என்றும் பாருங்கள். சிவப்பழகு தருகிறது என்று பெண் பிள்ளைகள் கைமாற்றிக்கொள்ளும் டியூப்கள் பலவற்றில் ஸ்டீராய்டு இருக்கிறது. பூசிய ஒரு வாரம் முகம் மினுங்கும். நிறுத்தினால் குப்பென்று பரு கிளம்பும். திரும்பப் பூசினால் அடங்கும். 2018இல் மத்திய அரசு இப்படிப்பட்ட ஸ்டீராய்டு களிம்புகள் பலவற்றைச் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத பட்டியலில் சேர்த்தது. ஆனாலும் என் கொழுந்தன் மகள் கல்யாணத்துக்கு முன் எட்டு மாதம் அதைத்தான் பூசியிருக்கிறாள், யாருக்கும் தெரியாது.


கொக்கிரகுளம் வாசி எழுதியது:

அனைவருக்கும் நன்றி. நேற்று மருத்துவரைப் பார்த்துவிட்டு வந்தோம். அரிப்பு இல்லை, வலிதான். களிம்பு எதுவும் இல்லை என்கிறாள். அவளுடைய பையை அவள் அம்மா ஒருமுறை பார்த்தும்விட்டாள். மாதவிடாய் ஒழுங்காக வருகிறது. நெஞ்சு வலி முழுவதும் போய்விட்டதால், மேலும் மூன்று நாள் விட்டுவிட்டுக் காலை உணவுக்குப் பிறகு தொடங்கலாம் என்றார். பன்னிரண்டாம் வாரம் எந்தத் தேதியில் முடிகிறது என்று சீட்டிலேயே எழுதச் சொல்லி வாங்கி, நாள்காட்டியிலும் வட்டம் போட்டுவிட்டேன். கிளிண்டாமைசின் டியூப் குப்பைக்குப் போய்விட்டது. மதினிக்கு இன்னும் சொல்லவில்லை. நான்கு முறை கொடுத்த அஜித்ரோமைசினைப் பற்றிச் சொன்னபோது மருத்துவர் ஒன்றும் சொல்லாமல் பேனாவைக் கீழே வைத்தார்; அது போதுமானதாக இருந்தது.

ஒரு சிறிய ஐயம் மட்டும் பாக்கி. ஆச்சி தீபாவளிக்கு எடுத்த மெரூன் நிறத் தலையணை உறையில், மகள் தலை வைக்கிற இடத்தில் மஞ்சளும் வெள்ளையுமாகத் திட்டுத்திட்டாக வெளுத்திருக்கிறது. மாத்திரையின் விஷம் வியர்வையில் வெளியேறுகிறது, தலையணையையே இப்படித் தின்றால் பிள்ளையின் குடலை என்ன செய்யும் என்று ஆச்சி கேட்கிறார்கள். என்ன பதில் சொல்ல?


பழைய மருந்தாளுநர் எழுதியது:

அது மாத்திரை செய்கிற வேலை இல்லை ஐயா, ஜெல்லில் உள்ள பெராக்சைடு செய்கிற வேலை. துணிக்குச் சாயம் போக்குகிற இனத்தைச் சேர்ந்த பொருள் அது; சாயத் துணியில் பட்ட இடத்தை வெளுத்துவிடும், போன நிறம் திரும்பாது. அந்த உறையை ஆச்சியிடம் கொடுத்து மன்னிப்புக் கேட்டுவிட்டு, மகளுக்கு வெள்ளை உறையும் வெள்ளைத் துண்டும் எடுத்துக் கொடுங்கள். காலையில் முகத்தையும் கழுத்தையும் முதுகையும் நன்றாகக் கழுவிய பிறகே பள்ளிச் சீருடையைப் போடச் சொல்லுங்கள். இல்லையென்றால் அடுத்து வெளுப்பது துப்பட்டாவாக இருக்கும்.